சங்குப்பூ நீலம் வெளுக்காமல் இருக்க: இயற்கை நிறமியை மெல்லிய படலத்தில் நிலைக்க வைக்கும் முழு வழிகாட்டி

சங்குப்பூச் சாற்றை ஏதாவது ஒரு பாலிமர் கரைசலில் கலந்து, பெட்ரி தட்டில் ஊற்றிக் காயவைத்தால் அழகான நீலப் படலம் கிடைத்துவிடும். அது ஒரு நாள் வேலை. அந்த நீலம் இரண்டு வாரம் கழித்தும் நீலமாகவே இருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான வேலை. நான் முதன்முதலில் செய்த படலத்தை ஜன்னல் ஓரம் வைத்திருந்தேன், ஒன்பதாவது நாள் அது சாம்பல் கலந்த பழுப்புக்கு வந்துவிட்டது. செடியிலேயே வெயிலில் நிற்கிற பூ தாங்கும்போது என் படலம் ஏன் தாங்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் தேடியதில் கற்றுக்கொண்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. நிறைய தவறு செய்து கற்றவை, அதனால் எந்த இடத்தில் தவறு நடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பூ என்ன செய்கிறது என்று பாருங்கள்

ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் (தாவர நிறமிகள் பற்றிய ஆய்வுக்காக 1915-ல் நோபல் பரிசு பெற்றவர்) நீல நிற கார்ன்ஃப்ளவர் பூவிலும் சிவப்பு ரோஜாவிலும் இருப்பது ஒரே நிறமி என்று கண்டார். ஒரே மூலக்கூறு எப்படி ஓரிடத்தில் நீலம், இன்னோரிடத்தில் சிவப்பு? அமில, கார வேறுபாடுதான் காரணம் என்று அவர் நினைத்தார். 1919-ல் ஜப்பானில் ஷிபாட்டா குழுவினர், உலோக அயனி சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். இந்த விவாதம் பல பத்தாண்டுகள் ஓடி, 2005-ல் எக்ஸ்-கதிர் படிக ஆய்வில் முடிவுக்கு வந்தது. அந்த நீலப் பொருளில் ஆறு ஆந்தோசயனின் மூலக்கூறுகள் (பூ, பழங்களுக்குச் சிவப்பு, ஊதா, நீலம் தரும் நிறமி வகை), ஆறு ஃபிளேவோன் மூலக்கூறுகள் (நிறமிக்குத் துணை நிற்பவை), ஓர் இரும்பு அயனி, ஒரு மெக்னீசியம், இரண்டு கால்சியம் என்று எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டு ஒரே தொகுப்பாக இருக்கின்றன.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதிலிருந்துதான் வருகிறது. பூவுக்குள் நிறமி தனியாக இருப்பதில்லை. பக்கத்தில் தட்டையான துணை மூலக்கூறுகள், நடுவில் உலோகம், சுற்றிலும் சரியான பிஹெச் (அமில, கார அளவு), அதற்கும் வெளியே ஒரு உறை. சாறு எடுக்கும்போது அந்தக் குடும்பத்தையே கலைத்துவிட்டு, நிறமியை மட்டும் தனியாகத் தண்ணீரில் விடுகிறோம். படலம் செய்வது என்றால் அந்தச் சூழலைத் திரும்பக் கட்டுவது. உயிரினங்களைப் பார்த்துச் செய்யும் பொருள் என்று நாம் பெயர் வைக்கிறோமே, அந்தப் பெயருக்குப் பொருத்தமான இடம் இதுதான். கணவாயின் தோலிலும் இதே பாடம் இருக்கிறது, அங்கே நிறமி நுண்ணிய துகள்களாக இறுக்கிப் பொதியப்பட்டு மீள்தன்மையுள்ள ஒரு பைக்குள் இருக்கிறது.

நிறமியைக் கெடுப்பவை நான்கு: தண்ணீர், ஆக்சிஜன், ஒளி, வெப்பம். இதில் தண்ணீரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆந்தோசயனின் சிவப்பாக இருக்கும் வடிவத்தில் அதற்கு ஒரு நேர்மின்னேற்றம் உண்டு, தண்ணீர் மூலக்கூறு வந்து வளையத்தின் ஒரு கார்பனில் ஒட்டிக்கொண்டால் நிறம் போய்விடும். சாதாரண ஆந்தோசயனின்கள் பிஹெச் 4, 5-ல் வெளுத்துப்போவது இதனால்தான். அப்புறம் வளையம் திறந்து சால்கோன் என்ற வடிவத்துக்குப் போகும், அங்கிருந்து சிதைவுதான்.

முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று

உங்களுக்கு நிறம் வேண்டுமா, உணரி வேண்டுமா? மீன் கெட்டுப்போகும்போது வரும் அமோனியா, டிரைமெத்திலமின் வாயுக்களைக் கண்டு நிறம் மாறும் படலம் செய்யத்தான் பலர் இதற்குள் வருகிறார்கள். அந்தப் படலத்துக்குள் வாயு நுழைய வேண்டும், நிறமி அசைந்துகொடுக்க வேண்டும். நிறமியை நன்றாகப் பூட்டி வைத்தால் அது எதற்கும் நிறம் மாறாது. இரண்டும் ஒரே படலத்தில் முழுமையாகக் கிடைக்காது, இதை முதல் நாளே ஏற்றுக்கொண்டால் பல வாரங்கள் மிச்சம். உணரி வேண்டுமென்றால் கீழே வரும் உலோகப் படியையும் மேல்பூச்சுப் படியையும் விட்டுவிடுங்கள், செய்த படலத்தை இருட்டில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைத்துப் பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள். இந்த வழிகாட்டி பெரும்பாலும் நிறம் நிலைக்க வேண்டியவர்களுக்கானது.

எந்த நிறமி

இந்த இடத்தில்தான் நான் மூன்று மாதம் வீணாக்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சங்குப்பூவில் இருப்பவை டெர்னட்டின்கள். டெல்பினிடின் என்ற அடிப்படை மூலக்கூறில் மூன்று இடங்களில் சர்க்கரை, அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளில் கூமாரிக் அமிலம் என்று கட்டப்பட்டிருக்கும். அந்தக் கூமாரிக் அமிலத் தட்டுகள் மடிந்து வந்து நடு வளையத்தின் மேல் குடை போலப் படுத்துக்கொள்கின்றன, தண்ணீர் நெருங்க முடியாது. பிஹெச் 4, 5-லும் சங்குப்பூ வெளுக்காமல் இருப்பதன் ரகசியம் இது. தன் குடையைத் தானே கொண்டுவருகிற பூ.

ஹைட்ரேஞ்சியா பூவில் அலுமினிய அயனி சேர்ந்து நீலம் வருகிறது என்று படித்துவிட்டு நான் சங்குப்பூச் சாற்றில் படிகாரம் (அலுமினியம் உள்ள உப்பு) போட்டுப் போட்டுப் பார்த்தேன். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை, பிஹெச் இறங்கி நிறம் ஊதாப் பக்கம் போனதுதான் மிச்சம். காரணம் எளிது: அலுமினியம் பிடித்துக்கொள்ள நிறமியின் பக்க வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் குழுக்கள் சும்மா இருக்க வேண்டும். சங்குப்பூவில் அந்த இடங்களைச் சர்க்கரை அடைத்துக்கொண்டிருக்கிறது, பிடிக்க இடமே இல்லை.

எனவே தேர்வு இப்படி. படிகாரம் இல்லாமல் எளிதாக நீலம் வேண்டுமென்றால் சங்குப்பூ. உலோகத்தால் நிலைநிறுத்தும் வழியைச் சோதிக்க வேண்டுமென்றால் சிவப்பு முட்டைக்கோஸ் அல்லது செம்பருத்தி, இவற்றில் சயனிடின் வகை நிறமிகள், பிடிப்பதற்கான இடம் காலியாக இருக்கும். முட்டைக்கோஸை நான் அதிகம் நம்புகிறேன், அதிலும் ஓரளவு குடை உண்டு, செம்பருத்தியில் கொழகொழப்பு வந்து வடிகட்டுவதற்குள் பொறுமை போய்விடும். நாவல்பழத் தோலில் பல வகை கலந்திருக்கும், அதில் மால்விடின் வகைக்கு உலோகம் பிடிக்க இடம் இல்லை. மஞ்சளைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். குர்குமினை ஒளி வேகமாகச் சிதைக்கும், காரத்திலும் நிற்காது, அது வேறு வகையான போராட்டம்.

சாறு எடுத்தல்

பூவைப் பறித்ததும் பச்சைப் புல்லி இதழை நீக்கிவிடுங்கள், பச்சையம் கலந்தால் பின்னால் நிறத்தை அளப்பது குழப்பமாகும். நிழலில் காயவைத்த இதழ் 5 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மில்லி, 60 டிகிரியில் 30 நிமிடம், இடையிடையே கலக்கி, பிறகு மெல்லிய துணியிலும் அதன்பின் வடிதாளிலும் வடிகட்டுங்கள். கொதிக்கவைக்க வேண்டாம்.

முட்டைக்கோஸ் என்றால் 100 கிராம் பொடியாக நறுக்கி, நேராகச் சூடான நீரில் (200 மில்லி, ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகரோடு) போட்டு 10 நிமிடம். நேராகச் சூட்டில் போடுவதற்குக் காரணம் உண்டு, வெட்டிய இலையில் நொதிகள் உடனே வேலையைத் தொடங்கிவிடும், அவற்றை முதலிலேயே அடக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் சமரசம் வேண்டாம். போர் தண்ணீரில் இரும்பு இருக்கும், கடினத்தன்மை இருக்கும், ஒரு தடவை வந்த நிறம் மறு தடவை வராது. இரும்புச் சட்டி, அலுமினியப் பாத்திரம் இரண்டும் கூடாது. கண்ணாடியோ நல்ல ஸ்டீலோ போதும்.

எலுமிச்சைச் சாறு ஊற்றி அமிலமாக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இந்த வேலைக்கு அது இரண்டு வகையில் கெடுதல்: அதிலுள்ள வைட்டமின் சி, ஆக்சிஜனோடு சேர்ந்து ஆந்தோசயனினைச் சீக்கிரம் சிதைக்கும், அதிலுள்ள சிட்ரிக் அமிலம் அலுமினியத்தைத் தானே பிடித்துக்கொண்டு நிறமிக்கு விடாது. பாஸ்பேட் பஃபரும் (பஃபர் என்பது பிஹெச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) அலுமினியத்தை வெள்ளை வீழ்படிவாக இறக்கிவிடும். எனவே அசிடேட் பஃபர் மட்டும். வெள்ளை வினிகரில் சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து பிஹெச் 4.8 அளவுக்குக் கொண்டுவாருங்கள், ஆய்வகம் இருந்தால் சோடியம் அசிடேட்டும் அசிட்டிக் அமிலமும். கலவையில் கடைசியாக 10 முதல் 20 மில்லிமோலார் போதும், மிகுந்தால் படலம் உலரும்போது உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். இன்னொன்று, உலரும்போது அசிட்டிக் அமிலம் கொஞ்சம் ஆவியாகி ஓடிவிடும், அதனால் பிஹெச் சற்று மேலே ஏறும். 5.5-ல் படலம் வேண்டுமென்றால் ஊற்றும்போது கொஞ்சம் கீழேயே இருக்கட்டும்.

சாற்றின் செறிவை எப்படிச் சொல்வது? நிறமாலைமானி (எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் கருவி) இருந்தால் சங்குப்பூவுக்கு 574, 620 நானோமீட்டரை ஒட்டி இரண்டு உச்சிகள் தெரியும், 620-ஐ ஒட்டிய உச்சியில் அளவிட்டு எப்போதும் ஒரே அளவுக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். பிஹெச் 1-க்கும் 4.5-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஆந்தோசயனின் அளவைக் கணக்கிடும் முறை பாடப்புத்தகங்களில் இருக்கிறது, அதைச் சங்குப்பூவுக்குப் போட்டால் உண்மையை விடக் குறைவாகவே வரும். 4.5-ல் நிறம் முழுதாகப் போய்விடும் என்ற அனுமானத்தில் நிற்கிற முறை அது, நம் பூ போக மறுக்கிறது.

துணை மூலக்கூறு

தட்டையான, நிறமில்லாத பீனால் மூலக்கூறுகள் நிறமியின் மேல் தோசை அடுக்குவது போலப் படிந்துகொள்ளும். தண்ணீர் விலகும், நிறமும் கொஞ்சம் அடர்த்தியாகும். ஆய்வகத்தில் ரோஸ்மரினிக் அமிலம், காலிக் அமிலம் வாங்கலாம். வீட்டில் துளசி, கற்பூரவள்ளிச் சாற்றில் ரோஸ்மரினிக் அமிலம் உண்டு, ஆனால் பச்சையமும் கூடவே வரும். நான் கடுக்காய்த் தோலைப் பொடித்து ஊறவைத்த நீரைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறேன், அது இளமஞ்சளாக இருக்கும், எனவே சொட்டுக் கணக்கில் போதும். அதிகம் போட்டால் நீலம் பச்சைச் சாயல் காட்டும்.

துணை மூலக்கூறு நிறமியை விடப் பல மடங்கு, பத்து மடங்கு எண்ணிக்கையிலாவது இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். சூடாக்கினால் இந்த அடுக்கு கலைந்துவிடும், எனவே எல்லாக் கலவையும் 40 டிகிரிக்குக் கீழே. சங்குப்பூவில் இந்தப் படியால் கிடைக்கும் பலன் சிறியதுதான், ஏற்கனவே குடை இருக்கிறதே. செம்பருத்தியில் பெரிய வித்தியாசம் காண்பீர்கள், அங்கே குடையே கிடையாது.

படிகாரம் (முட்டைக்கோஸ், செம்பருத்திக்கு மட்டும்)

படிகாரமும் கடுக்காயும் நமக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையின் கலம்காரித் துணிகளில் கடுக்காயும் பாலும் ஊறிய துணியில் படிகாரக் கரைசலால் எழுதுவார்கள், பிறகு சாயவேர்க் கொதிநீரில் போட்டால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாகும். வேரிலுள்ள அலிசரினை அலுமினியம் பிடித்து நூலோடு பூட்டுகிறது. பல நூறு ஆண்டு பழைய துணிகளில் அந்தச் சிவப்பு இன்னும் இருக்கிறது. நாம் துணிக்குப் பதில் பாலிமரில் செய்கிறோம், அவ்வளவுதான். அந்தக் கைவினைஞர்கள் அளவையும் வரிசையையும் எவ்வளவு கவனமாக வைத்திருந்தார்கள் என்பது இந்த வேலையைச் செய்து பார்க்கும்போதுதான் புரிகிறது.

அளவைப் புத்தகத்தில் தேடாதீர்கள், உங்கள் சாற்றையே கேளுங்கள். பத்துச் சிறிய குழாய்களில் ஒரே அளவு சாறு (பிஹெச் 5 அசிடேட்டோடு) எடுத்து, 1% படிகாரக் கரைசலை முதல் குழாயில் ஒன்றுமில்லை, அடுத்ததில் ஒரு சொட்டு, அடுத்ததில் இரண்டு என்று ஒன்பது வரை விடுங்கள். ஊதா நீலமாக மாறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடும். மாற்றம் நிற்கிற அந்தக் குழாயின் அளவுதான் உங்கள் அளவு, அதைத் தாண்ட வேண்டாம். மிகுதியான படிகாரம் பிஹெச்சைக் கீழே இழுக்கும், கலங்கலும் வரும். ஒவ்வொரு குழாயிலும் கடைசியில் பிஹெச் பாருங்கள், இல்லாவிட்டால் நிறம் மாறியது உலோகத்தாலா அமிலத்தாலா என்று சொல்ல முடியாது. இரவு முழுதும் வைத்து மறுநாள் தெளிவாக இருக்கிற குழாயை மட்டும் நம்புங்கள், சில கலவைகள் மாலையில் பார்க்க நன்றாக இருந்து காலையில் அடியில் படிந்திருக்கும்.

பாலிமர்: எது எதோடு சேராது

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். ஜெலட்டினோடு கடுக்காய் சேராது, கடுக்காயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பிடித்துத் திரித்துவிடும், தோல் பதனிடும் அதே வினை. கைட்டோசானோடும் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) டானின் திரியும். ஆல்ஜினேட்டோடு (கடல்பாசியிலிருந்து எடுக்கும் பாலிமர்) படிகாரம் பட்ட கணமே கட்டியாகும். அகரை அமிலத்தோடு கொதிக்கவிட்டால் சங்கிலி அறுந்து படலம் நொறுங்கும். பெண்டோனைட் களிமண்ணோடு படிகாரம் சேர்ந்தால் களிமண் திரண்டு அடியில் இறங்கிவிடும்.

இவ்வளவு சண்டைகளுக்கு நடுவே எல்லோரோடும் ஓரளவு ஒத்துப்போவது பிவிஏ என்கிற பாலிவினைல் ஆல்கஹால், அதிலும் 87 முதல் 89 சதவீதம் நீராற்பகுக்கப்பட்ட வகை. தெளிவான படலம் வரும். உலர்ந்த நிலையில் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், நாம் அதைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் அதுதான். கடுக்காய் அளவு மிகுந்தால் இதுவும் கலங்கும், சொட்டுக் கணக்கு என்று மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

5 கிராம் பிவிஏ, 95 மில்லி குளிர்ந்த நீர். கலக்கிக்கொண்டே தூவுங்கள், சூடான நீரில் கொட்டினால் வெளியே ஜவ்வாகி உள்ளே தூளாகக் கட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு சுடுநீர்த் தொட்டியில் வைத்து 85 முதல் 90 டிகிரியில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் மெதுவாகக் கலக்க வேண்டும், வேகமாகக் கலக்கினால் நுரை வந்து அடங்கவே அடங்காது. தெளிந்ததும் மூடி, அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள்.

கிளிசரின் சேர்த்தால் படலம் வளையும். பலர் பாலிமர் எடையில் 30, 40 சதவீதம் சேர்க்கிறார்கள், கையில் எடுத்தால் நன்றாக வளைவதால். அந்த மென்மைக்கு விலை உண்டு: கிளிசரின் சங்கிலிகளைத் தளர்த்துகிறது, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது, ஆக்சிஜனுக்கு வழி திறக்கிறது. இறுகிய கண்ணாடி போன்ற பாலிமரில் நிறமி மூலக்கூறு அசைய முடியாமல் நிற்கும், தளர்ந்ததில் ஓடி ஆடிச் சிதையும். நான் 15 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கண்ணாடி மேல் ஒட்டியே இருக்கப் போகும் படலம் என்றால் கிளிசரினே வேண்டாம்.

ஊற்றுதலும் உலர்த்தலும்

பிவிஏ கரைசலில் பத்தில் ஒரு பங்கு தயார் செய்த சாறு, கிளிசரின், ஈரமான ஊரில் இருந்தால் பூசணம் வராமல் இருக்க 0.1% பொட்டாசியம் சார்பேட். மெதுவாகக் கலக்கி ஒரு மணி நேரம் வைத்தால் குமிழிகள் மேலே வந்துவிடும்.

தடிமனைக் கணக்கிட்டு ஊற்றுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம். 9 சென்டிமீட்டர் பெட்ரி தட்டின் பரப்பு சுமார் 64 சதுர சென்டிமீட்டர். நம் கலவை 15 கிராம் ஊற்றினால் உலர்ந்தபின் திடப்பொருள் ஏறத்தாழ 0.8 கிராம், அடர்த்தியை 1.25 என்று வைத்தால் 100 மைக்ரான். 10 கிராம் ஊற்றினால் 70 மைக்ரானுக்குக் கொஞ்சம் கீழே. தடிமன் மாறினால் நிறத்தின் அடர்த்தியும் மாறும், ஒப்பிடும் படலங்கள் எல்லாம் ஒரே எடையில் ஊற்றியிருக்க வேண்டும் என்பது இதனால்தான். இதைவிட மெல்லியது வேண்டுமென்றால் ஸ்பின் கோட்டர் (சுழற்றி மெல்லியதாகப் பூசும் கருவி) தேவை. கண்ணாடிக் கம்பியின் இரு முனையிலும் செல்லோடேப் சுற்றி இழுத்தும் நல்ல பூச்சு கிடைக்கும்.

தட்டு சமதளத்தில் இருக்க வேண்டும், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 35 முதல் 40 டிகிரி, இருட்டு, காற்று நேராக அடிக்காத இடம், ஒரு நாள். மின்விசிறிக்குக் கீழே வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு, படலம் அப்பளம் போலச் சுருளும். வெயிலில் உலர்த்துவதைச் சொல்லவே வேண்டாம், ஆய்வு தொடங்கும் முன்பே நிறமியில் ஒரு பகுதி போய்விட்டிருக்கும்.

சிப்பியின் பாடம்: களிமண் அடுக்கு

முத்துச்சிப்பியின் உட்புறப் பளபளப்பில் ஏறத்தாழ 95 சதவீதம் கனிமத் தட்டுகள், மிச்சம் புரதமும் கைட்டினும். செங்கலும் சுண்ணாம்பும் போல. தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பதால் ஏதாவது உள்ளே நுழைய வேண்டுமென்றால் வளைந்து வளைந்துதான் போக வேண்டும், வழி நீளுகிறது. பிவிஏவும் களிமண் தகடுகளும் சேர்ந்து இதே அமைப்பைத் தரும்.

குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைக்கும் சோடியம் பெண்டோனைட் போதும். 1 கிராமை 100 மில்லி நீரில் தூவி ஓர் இரவு ஊறவிட்டு, அடியில் மணல் தங்க, மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். அதைப் பிவிஏ கரைசலில் மெதுவாகச் சேருங்கள், உலர்ந்த எடையில் களிமண் 10 முதல் 20 சதவீதம் வரும்படி. தனித் தட்டில் மெல்லியதாக ஊற்றி உலர்த்துங்கள். மெதுவாக உலர்ந்தால் தகடுகள் படுத்த நிலையில் அடுக்கப்படும், வேகமாக உலர்ந்தால் தாறுமாறாக நிற்கும், பிறகு தடுப்பு குறைவு.

இதை நிறப் படலத்தின் மேல் நேரடியாக ஊற்றாதீர்கள், இரண்டும் நீரில் கரைவதால் நீலம் மேலே கசியும். தனியே உரித்தெடுத்து, ஒரு முகத்தில் பாதிக்குப் பாதி ஆல்கஹாலும் நீரும் கலந்ததைப் பஞ்சால் லேசாகத் தடவி, நிறப் படலத்தின் மேல் வைத்து, மேலே கனமான புத்தகம். பிவிஏ தானே ஒட்டிக்கொள்ளும்.

மேலே அரக்கு

பிவிஏ உலர்ந்திருக்கும் வரைதான் ஆக்சிஜனைத் தடுக்கும், ஈரம் ஏறினால் கதவு திறந்துவிடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இதுதான் தலையாய சிக்கல். எனவே ஈரத்தைத் தடுக்க வேறொரு பூச்சு வேண்டும், அதை நீரில்லாத கரைப்பானில் பூச வேண்டும். அரக்குப் பூச்சி தரும் ஷெல்லாக் இதற்கு அருமையாகப் பொருந்துகிறது, ஆல்கஹாலில் கரையும், ஆல்கஹால் பிவிஏவைத் தொடாது. மெழுகு நீக்கி வெளுக்கப்பட்ட ஷெல்லாக் வாங்குங்கள், சாதாரண ஆரஞ்சு ஷெல்லாக் நீலத்தைப் பச்சையாகக் காட்டும். 10% கரைசல், மென்மையான தூரிகை, மெல்லியதாக இரண்டு பூச்சு, இடையில் நான்கு மணி நேரம். இரு பக்கமும், ஓரங்களும். ஓரத்தை விட்டவர்கள் படலம் ஓரத்திலிருந்து உள்நோக்கி வெளுப்பதைப் பார்ப்பார்கள். அடுப்போ விளக்கோ அருகில் இருக்கக் கூடாது, ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும்.

ஒளியைத் தடுக்க ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு நானோ துகள் சேர்க்கலாமே என்று கேட்பார்கள். சேர்க்காதீர்கள். அவை புற ஊதாவை உறிஞ்சி, அந்த ஆற்றலால் பக்கத்திலிருக்கும் சாயத்தையே சிதைக்கும், சாயக் கழிவுநீரை வெளுக்க அவற்றைப் பயன்படுத்துவதே அதனால்தான். புற ஊதா தடுக்கும் தாளைக் கண்ணாடியில் ஒட்டுவது நல்லது, முழுத் தீர்வு கிடையாது. நிறமி கண்ணுக்குத் தெரியும் ஒளியையே உறிஞ்சுகிறது, அதனால்தான் அதற்கு நிறமே இருக்கிறது, அந்த ஒளியாலும் அது மெல்ல வெளுக்கும்.

நிலைத்ததா என்று எப்படிச் சொல்வது

ஒப்பீட்டுப் படலம் இல்லாமல் எந்த முடிவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் குறைந்தது மூன்று: சாறு மட்டும் உள்ள படலம், துணை மூலக்கூறோ உலோகமோ சேர்த்தது, அதோடு பூச்சும் சேர்த்தது. ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி நான்கு நிலைகளில் வையுங்கள். இருட்டும் வறட்சியும், இருட்டும் ஈரமும், ஒளியும் வறட்சியும், ஒளியும் ஈரமும். ஈரத்துக்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம், மூடிய கண்ணாடி ஜாடியில் கரையாமல் அடியில் உப்பு மிஞ்சும் அளவு சாப்பாட்டு உப்புக் கரைசல் வைத்தால் உள்ளே 75% ஈரப்பதம் நிற்கும். மெக்னீசியம் குளோரைடு வைத்தால் 33%. படலம் கரைசலைத் தொடாமல் தொங்கட்டும். இந்த நான்கையும் பிரித்து வைத்தால்தான் உங்கள் படலத்தைக் கொல்வது ஒளியா ஈரமா என்று தெரியும், இரண்டையும் ஒன்றாகச் சோதித்துவிட்டு நானும் தவறான பூச்சைப் போட்டு நேரம் இழந்திருக்கிறேன்.

0, 1, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் அளவிடுங்கள். நிறமாலைமானி இல்லாதவர்கள் அட்டைப்பெட்டிக்குள் ஒரே எல்இடி விளக்கு, ஒரே இடத்தில் போன், போனின் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) பூட்டி, படலத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் தாளும் சாம்பல் அட்டையும் வைத்துப் படம் எடுங்கள். படத்திலிருந்து எல், ஏ, பி மதிப்புகளை (ஒளிர்வு, சிவப்பு-பச்சை, மஞ்சள்-நீலம் ஆகியவற்றின் அளவுகள்) எடுத்து, முதல் நாள் மதிப்போடு உள்ள மூன்று வித்தியாசங்களையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் டெல்டா ஈ, அதாவது மொத்த நிற வேறுபாடு. அது 2.3 அளவில் இருந்தால் கண்ணுக்கு அரைகுறையாகத்தான் தெரியும், 10-ஐத் தாண்டினால் யார் பார்த்தாலும் தெரியும்.

உறிஞ்சல் அளவு கையில் இருந்தால் அதன் இயல் மடக்கையை (ln) நாட்களுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் ஒவ்வொரு நாளும் மிச்சமிருப்பதில் ஒரே விகிதம் சிதைகிறது, 0.693-ஐச் சரிவால் வகுத்தால் அரை ஆயுள் கிடைக்கும். முதல் சில நாள் செங்குத்தாக விழுந்து பிறகு தட்டையானால் பெரும்பாலும் படலத்தில் இரண்டு கூட்டம் இருக்கிறது, பூட்டப்பட்ட நிறமி ஒன்று, சும்மா அலைகிற நிறமி ஒன்று. அப்போது சாற்றின் அளவைக் குறையுங்கள். நிறம் போதவில்லை என்று இன்னும் சாறு ஊற்றுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், ஆனால் கூடுதலாகப் போட்டது அந்த அலைகிற கூட்டத்தில்தான் போய்ச் சேரும், கூடவே சாற்றின் சர்க்கரையும் வந்து படலம் பிசுபிசுக்கும். ஆய்வக வசதி இருந்தால் சாற்றை எக்ஸ்ஏடி-7 பிசினில் (நிறமியைப் பிடித்துக்கொள்ளும் செயற்கைப் பிசின் மணிகள்) ஏற்றி, நீரால் சர்க்கரையைக் கழுவிவிட்டு, ஆல்கஹாலால் நிறமியை மட்டும் இறக்கிப் பாருங்கள்.

நீலம் பச்சைச் சாயல் காட்டினால் பிஹெச் ஏறியிருக்கிறது அல்லது மேலே மஞ்சள் பூச்சு. ஊதாவாகப் போனால் அமிலம் மிகுதி. பழுப்பு வந்தால் ஆக்சிஜன், ஓரங்களையும் ஊசித் துளைகளையும் பாருங்கள். வட்டமாக விளிம்பில் மட்டும் அடர் நீலம் என்றால் உலர்த்தல் வேகம் அதிகம். மேலே வெண்புள்ளி என்றால் உப்பு. இந்தப் படலம் தண்ணீரில் கரையும், ஷெல்லாக் பூசினாலும் நீரில் மூழ்கும் இடத்துக்கு இது ஆகாது. நீரில் கரையாமல் இருக்கச் சூடாக்கிக் குறுக்குப் பிணைப்பு (பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டுவது) செய்யலாம் என்றால் அந்த வெப்பத்திலேயே நிறமி போய்விடும். அதே பிணைப்புக்கு வெண்காரம் போட்டால் பிஹெச் காரப் பக்கம் ஏறி நிறமே மாறும்.

ஒவ்வொரு படலத்தின் பின்பக்கத்திலும் ஊற்றிய தேதி, கலவையின் பிஹெச், ஊற்றிய எடை மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி, கறுப்புத் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு குளிர்சாதனப் பெட்டியில் தனியாக எடுத்து வையுங்கள். 28-ம் நாள் வெளியே இருந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தத் துண்டு வேண்டும்.